டீச்சர் பதில்கள்: எலிவேட்டர் இருந்த ஊர்

போன இதழில் பொள்ளாச்சி வாசகி ஒருவர், "மகளைப் பார்க்கக் கனடா போய் வந்தீர்களாமே, நயாகரா பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார். மகள் இருப்பது நயாகராவிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், சஸ்காட்செவன் மாகாணத்தின் தென்மேற்கில், முப்பது வீடு தேறாத ஒரு கிராமம் என்று நாலு வரியில் பதில் எழுதினேன். நீங்கள் எல்லோரும் அருவியை விட்டுவிட்டு அந்தக் கிராமத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஊர்ப் பேச்சுதான்.

ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அத்தனை சின்ன ஊரில் பெயரைச் சொல்வதும் வீட்டு வாசலைக் காட்டுவதும் ஒன்றுதான். என் மகள் பக்கத்து டவுனில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். டவுன் வாடகை கட்டுப்படியாகாமல் இந்தக் கிராமத்தில் ஒரு பழைய மர வீட்டை வாங்கிக் குடியிருக்கிறார்கள்.

"ஆறு, குளம், கோயில், சந்தை எதையாவது ஒட்டித்தானே டீச்சர் ஊர் உண்டாகும்? அந்தப் பொட்டலில் எதை ஒட்டி ஊர் உண்டானது?"
வாசகர், வேலந்தாவளம்

தண்டவாளத்தை ஒட்டி. பாலக்காடு மாவட்டத்தில் நம் சித்தூர்த் தாலுகாவில் எந்த ஊரை எடுத்தாலும் ஓர் ஏரியோ, மாரியம்மன் கோயிலோ, மாட்டுச்சந்தையோ முதலில் இருந்திருக்கும். ஆள் சேர்ந்து ஊரான பிறகு சாலை வந்திருக்கும். பிரெய்ரி என்கிற அந்தப் புல்வெளிச் சீமையில் எல்லாம் தலைகீழ். முதலில் வரைபடம் வந்தது, அப்புறம் தண்டவாளம், அதற்குப் பிறகுதான் ஊர்.

1872-இல் கனடா அரசு டொமினியன் நிலச் சட்டம் கொண்டுவந்தது. மேற்குச் சமவெளி முழுவதையும் சர்வேக்காரர்கள் சங்கிலி பிடித்துக் கட்டம் கட்டமாக அளந்தார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு கட்டம், அதாவது 640 ஏக்கர். அப்படி 36 கட்டம் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். ஒரு கட்டத்தில் கால் பங்கான 160 ஏக்கர், பத்து டாலர் கட்டணம் கட்டிப் பதிந்துகொண்டவருக்குக் கிடைக்கும். மூன்று வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, சொன்ன அளவுக்கு உழுது காட்டினால் பட்டா. உக்ரைன், ஜெர்மனி, நார்வே, இங்கிலாந்து என்று பல சீமையிலிருந்தும் கப்பலேறி வந்தார்கள். இந்தச் சலுகை ஆண்களுக்குத்தான். பெண் என்றால் குடும்பத் தலைவியாக, பெரும்பாலும் பிள்ளைகளோடு நிற்கும் விதவையாக இருக்க வேண்டும். கல்யாணமாகாத பெண் எத்தனை உழைப்பாளியாக இருந்தாலும் மனுப்போட முடியாது. அந்தக் காட்டு வாழ்க்கையின் பாதிப் பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்கள் என்பதால் இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

மரமே இல்லாத நிலம். முதல் குளிர்காலத்தைப் பல குடும்பங்கள் புல்வேரோடு வெட்டியெடுத்த மண் பாளங்களை அடுக்கிக் கட்டிய வீட்டில்தான் கழித்தார்கள். கோதுமை விளைந்ததும் அடுத்த கவலை, எங்கே கொண்டுபோய் விற்பது? குதிரை வண்டியில் பாரம் ஏற்றிப் போய், விற்றுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். அந்தத் தூரத்தைக் கணக்குப் பண்ணித்தான் ரயில் கம்பெனிகள் ஆறிலிருந்து பத்து மைலுக்கு ஒரு நிறுத்தம் வைத்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு எலிவேட்டராவது இருக்கும்.

எலிவேட்டர் என்றதும் லிஃப்ட் என்று நினைக்க வேண்டாம். அது கோதுமைக் கிடங்கு. எழுபது எண்பது அடி உயரம். உள்ளே நிறைந்த தானியம் சுவரை வெளியே நெட்டித் தள்ளும் என்பதால் பலகைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்தே சுவர் முழுவதையும் எழுப்புவார்கள். வண்டி நேராக உள்ளே போய் எடைமேடையில் நிற்கும். பாரத்தைக் கீழே உள்ள குழியில் சாய்ப்பார்கள். தகரக் கிண்ணங்கள் வரிசையாகப் பூட்டிய பெல்ட் ஒன்று குழியிலிருந்து தானியத்தை அள்ளி உச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டும். அங்கிருந்து தரவாரியாகத் தனித்தனி அறைகளில் விழும். ரயில் பெட்டி வந்ததும் குழாயைத் திறந்துவிட்டால் தானாக இறங்கி நிரம்பும். 1930-களில் கனடாவில் இப்படி 5,700-க்கு மேல் நின்றன.

எலிவேட்டர் வந்தால் அதை நடத்த ஒரு ஏஜென்ட் குடும்பத்தோடு வருவார். வண்டி கட்டி வருகிற விவசாயிக்கு லாடம் அடிக்க ஒரு கொல்லர், சாமான் வாங்க ஒரு கடை, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம், சாப்பிட ஒரு சீனாக்காரர் கடை. அத்தோடு ஊர் ஆயிற்று. என் மகள் ஊரும் அந்த வகைதான்.

"அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய ஊரை விட்டுப்போக எப்படி மனசு வந்தது? பிள்ளைகளுக்குப் பட்டணத்து ஆசை வந்துவிட்டதுதானே காரணம்?"
வாசகர், மீனாட்சிபுரம்

இல்லைங்க. வந்த கடிதங்களில் இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று எடுத்து வைத்தேன். ஊரை ஊராக வைத்திருந்த ஒவ்வொன்றும் அங்கே முதலில் போனது. ஆட்கள் கடைசியாகத்தான் போனார்கள்.

மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் அந்த எலிவேட்டரில் கடைசி ஏஜென்டாக இருந்தவர். எண்பது தாண்டியவர். அவருடைய அடுக்களை ஜன்னல் ஓரத்தில் ஒரு தகரக் கிண்ணம் இருக்கிறது. ஒரு சாண் அகலம். பின்பக்கம் பெல்ட்டில் பூட்டிய போல்ட் ஓட்டைகள். தானியம் உரசி உரசி வாய்விளிம்பு பளபளவென்று தேய்ந்து, ஓரிடத்தில் காகிதக் கனத்துக்கு மெலிந்திருக்கிறது. எலிவேட்டரை இடித்த அன்று இடிபாட்டிலிருந்து எடுத்து வந்தாராம். சாவியும் கண்ணாடியும் மருந்துச் சீட்டும் இப்போது அதில்தான் கிடக்கின்றன. அதைக் கவிழ்த்துக் காலி பண்ணி என் கையில் கொடுத்தார். பிறகு ஊர் எப்படிப் போனது என்று வருடத்தோடு சொன்னார். இங்கே வந்தபின் நானும் தேடிப் படித்தேன்.

1897-இல் கனடியன் பசிபிக் ரயில்வே குரோஸ் நெஸ்ட் கணவாய் வழியாகப் பாதை போட அரசு பணம் கொடுத்தது. அதற்குப் பதிலாக மேற்கே விளையும் தானியத்தைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிப்போக கம்பெனி ஒத்துக்கொண்டது. குரோ கட்டணம் என்று பெயர். எந்த மூலையில் விளைந்தாலும் பக்கத்து நிறுத்தத்தில் ஏற்றினால் கட்டுப்படியாகும் என்ற நிலை இதனால்தான் இருந்தது. 1984-இல் அதை மாற்றி, வித்தியாசத்தை அரசு மானியமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 1995-இல் அந்த மானியத்தையும் நிறுத்தியது. சின்னச் சின்னக் கிளைப்பாதைகளை ரயில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தண்டவாளம் போனால் எலிவேட்டருக்கு என்ன வேலை?

பெரியவருக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. 1924-இல் விவசாயிகள் தாங்களே சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு அமைப்பு சஸ்காட்செவன் வீட் பூல். ஊர் ஊராக எலிவேட்டர் வைத்திருந்தது. 1996-இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. மர எலிவேட்டர்களை இடித்துவிட்டு, பிரதான பாதை ஓரமாக நூறு பெட்டிகள் நிற்கும் நீளத்துக்குக் கான்கிரீட் கிடங்குகள் கட்ட வேண்டும் என்று மற்றக் கம்பெனிகளைப் போலவே அதுவும் முடிவெடுத்தது. தங்கள் அப்பாக்கள் பங்குப் பணம் போட்டுக் கட்டியதைத் தங்கள் கண் முன்னால் இயந்திரம் வைத்துத் தள்ளினார்கள் என்று அவர் சொன்னபோது குரல் தடுமாறியது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே யூகிக்கலாம். கோதுமை லாரி ஐம்பது மைல் தள்ளியுள்ள டவுனுக்குப் போனது. லாரி போகிற ஊரிலேயே சாமானும் வாங்கினார்கள், டீசலும் போட்டார்கள். உள்ளூர்க் கடை மூடியது. பள்ளிகளைப் பெரிய வட்டாரமாகச் சேர்க்கும் சட்டம் 1944-லேயே வந்திருந்தது. ஓராசிரியர் பள்ளிகள் அப்போதே குறைய ஆரம்பித்தன. ஊர்ப் பள்ளி அதற்குப் பிறகும் ரொம்ப நாள் தாக்குப்பிடித்துத்தான் மூடியது. இப்போது என் பேரன் மஞ்சள் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகிறான். தபாலாபீஸ் இருந்த இடத்தில் பூட்டுப்போட்ட இரும்புப் பெட்டி வரிசை நிற்கிறது. ஊருக்கென்று சபை நடத்த ஆள் பற்றாமல் போனால் கிராமம் என்ற அந்தஸ்தையே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள ஊரக நகராட்சியோடு சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். பக்கத்தில் பல ஊர்கள் அப்படிச் சேர்ந்துவிட்டன.

உங்கள் மீனாட்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1932 முதல் ஓடிய பொள்ளாச்சி-பாலக்காடு மீட்டர் கேஜ் வண்டியை அகலப்பாதை வேலைக்காக 2008-இல் நிறுத்தி, 2015-இல்தான் மறுபடி விட்டார்கள். அந்த இடைவெளியில் ஸ்டேஷன் வாசலில் டீயும் வடையும் விற்றவர்கள் எங்கே போனார்கள்? பட்டணத்து ஆசையிலா போனார்கள்? கேரள எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளில் ஒரு டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, குறைந்தால் என்ன நடக்கும் என்பது என் சர்வீஸ் முழுக்கப் பார்த்த விஷயம். டிவிஷன் போனால் ஒரு டீச்சர் போவார். டீச்சர் போன பள்ளியில் அடுத்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கத் தயங்குவார்கள். தயங்கியதால் இன்னொரு டிவிஷன் போகும். கடைசியில், "இந்த ஊர்க்காரங்களுக்குத் தமிழ்ப் படிப்பில் ஆர்வம் இல்லை" என்று எழுதி மூடுவார்கள். ஊரை விட்டுப் போனவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் எந்தக் கடை, எந்தப் பள்ளி, எந்த வண்டி முதலில் போனது என்று பாருங்கள்.

"கனடாவில் குடியேறியவர்களுக்கு நிலத்தைச் சும்மா கொடுத்தார்கள் என்று படித்தேன். அது யாருடைய நிலம்?"
வாசகர், அகளி

கிரீ, சோட்டோ, அசினிபோயின் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1874 செப்டம்பர் 15 அன்று கப்பெல் பள்ளத்தாக்கில் அரசோடு அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நான்காம் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். சஸ்காட்செவனின் தென்பகுதியில் பெரும்பாகம் அதில் அடங்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் வீதம் ஒதுக்கிடம், தலைக்கு வருடம் ஐந்து டாலர். அந்த ஐந்து டாலர் இன்றைக்கும் ஐந்து டாலராகவேதான் கொடுக்கப்படுகிறது.

அவர்கள் ஒப்பந்தத்துக்கு வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் பெரிய பயம் இருந்தது. பைசன் என்கிற காட்டெருமைதான் அவர்களுக்குச் சாப்பாடு, கூடாரம், போர்வை எல்லாம். தோலுக்காகக் கண்டபடி வேட்டையாடி அந்தக் கூட்டங்களை அழித்துக்கொண்டிருந்தார்கள். 1880-களில் கனடாச் சமவெளியில் அவை அநேகமாக இல்லாமலே போயின. பிறகு குடியேறிகள் அந்த எலும்புகளைப் பொறுக்கி ரயில் பெட்டி பெட்டியாக உர ஆலைகளுக்கு விற்றார்கள். மாகாணத் தலைநகரம் ரெஜைனாவுக்கே எலும்புக் குவியல் என்றுதான் பழைய பெயர்.

ஒதுக்கிடத்தில் இருந்தவர்கள் 160 ஏக்கருக்கு மனுப்போடச் சட்டம் அனுமதிக்கவில்லை. மெட்டிஸ், கிரீ மக்கள் அரசை எதிர்த்து நடத்திய 1885 கிளர்ச்சிக்குப் பிறகு ஒதுக்கிடத்தை விட்டு வெளியே போகவே அதிகாரியின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆக்கினார்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அதற்குக் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2008-இல். எல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தே வயதான எனக்கு இதை எழுதும்போது கை நிற்கிறது.

அந்த ஊருக்கு வெளியே ஒரு கோதுமைக் காட்டின் நடுவில் ஆள் உயரப் பாறை ஒன்று உண்டு. ஒரு பக்க மூலைகள் மட்டும் எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருக்கின்றன. எருமைகள் தலைமுறை தலைமுறையாக உடம்பைத் தேய்த்துச் சொரிந்துகொண்ட கல் அது. கல்லைச் சுற்றி அவை மிதித்துப் பள்ளமான வட்டம் இன்னும் தெரிகிறது. காட்டுக்காரர் அந்த வட்டத்தில் மட்டும் டிராக்டரை விடுவதில்லை.

அகளியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததன் காரணம் புரிகிறது. ஆதிவாசிகள் இழந்த நிலத்தை மீட்டுக் கொடுக்கக் கேரளம் 1975-இல் சட்டம் போட்டது. 1999-இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. அட்டப்பாடியில் அந்த இடைப்பட்ட வருடங்களைக் காத்திருந்தே கழித்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடச் சொல்கிறேன்.

"எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மழை ஏமாற்றினால் வருடமே போச்சு. அங்கே பாசனம் உண்டா? என்ன போடுகிறார்கள்?"
வாசகர், குப்பம்

அந்தக் கிராமத்தைச் சுற்றி வாய்க்கால் ஒன்றும் நான் பார்க்கவில்லை. வருடத்துக்குப் பனியும் சேர்த்து 350 மில்லிமீட்டர் சுமார்தான் கிடைக்கும். ஆந்திரத்தில் உள்ள உங்கள் சித்தூர் மாவட்டச் சராசரியில் பாதிகூட ஆகாது. ஆனால் மே மாதம் விதைத்து ஆகஸ்ட், செப்டம்பரில் அறுத்துவிடுகிறார்கள். கோடையில் இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருப்பதால் பயிர் சட்டென்று வளர்கிறது. அப்புறம் முன்பனி விழும். அதற்கு முன்னால் கதிர் முற்றியாக வேண்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில் போட்ட ரெட் ஃபைஃப் என்ற கோதுமை நல்ல மகசூல் தந்தாலும் முன்பனியில் மாட்டிக்கொள்ளும். ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற இந்தியக் கோதுமையை அதோடு ஒட்டுச்சேர்த்து, அதிலிருந்து சார்ல்ஸ் சாண்டர்ஸ் என்ற அறிவியலாளர் தேர்ந்தெடுத்ததுதான் மார்க்விஸ். ரெட் ஃபைஃபைவிட ஒரு வாரத்துக்கு மேல் முன்னதாக விளையும். 1909-இல் விவசாயிகள் கைக்கு வந்தது. சில வருடங்களுக்குள் பிரெய்ரி முழுவதும் அதுதான்.

உங்களைப்போல மழையை நம்பிக் கெட்ட கதையும் அங்கே உண்டு. 1930-களில் தொடர்ந்து வறட்சி. காலங்காலமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லைக் கிளறிவிட்டதால் காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. பகலில் விளக்கு ஏற்றினார்கள். 1937-இல் மாகாணச் சராசரி ஏக்கருக்கு மூன்று புஷல்கூடத் தேறவில்லை, அதாவது எண்பது கிலோவுக்கும் கீழே. பெட்ரோலுக்கு வழியில்லாமல் காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி ஓட்டினார்கள். கிழக்கு மாகாணங்கள் நிவாரணமாக ஆப்பிளும் உப்புக் கருவாடும் ரயிலில் அனுப்பின. கடலே பார்க்காத அந்த மக்களுக்குக் கருவாட்டை எப்படிச் சமைப்பது என்று தெரியவில்லை. 1935-இல் மத்திய அரசு தனி நிர்வாகம் அமைத்து மண்ணைக் காக்கும் வேலையைத் தொடங்கியது. குட்டை வெட்டினார்கள், உழாமல் விட்டார்கள். காற்றைத் தடுக்க மர வரிசை வைத்தார்கள். இண்டியன் ஹெட் என்ற ஊரின் அரசு நர்சரி 2013-இல் மூடும் வரை 60 கோடிக்கும் மேல் கன்றுகளைக் கொடுத்திருக்கிறது. என் மகள் வீட்டு வடக்கு வேலியில் இருக்கும் கரகனா செடி அப்படி வைத்ததுதான் என்றார் பெரியவர்.

இப்போது அங்கே பாதிக் காட்டில் பருப்பு. நம் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிறோமே, அதே செம்பருப்புதான். 1970 வாக்கில் கோதுமை விற்காமல் தேங்கி, விதைக்காமல் விட்டால் காசு தருகிறோம் என்று அரசே சொன்ன காலம். 1972-இல் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆல்ஃப்ரெட் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் விஞ்ஞானி அந்த மண்ணுக்கு ஏற்ற பருப்பு ரகங்களைத் தேடினார். 1978-இல் லெயர்ட் என்ற ரகம் வந்தது. இன்று உலகத்திலேயே அதிகமாக இந்தப் பருப்பை ஏற்றுமதி செய்வது கனடா, அதில் பெரும்பகுதி சஸ்காட்செவன், வாங்குவதில் இந்தியா முக்கியமான நாடு. 2017 கடைசியில் நம் அரசு பட்டாணிக்கும் பருப்புக்கும் இறக்குமதி வரி போட்டது. அந்த வருடத்தைப் பற்றி அங்குள்ளவர்கள் ஆலங்கட்டி மழை பெய்த வருடத்தைப்போலப் பேசுகிறார்கள். நாம் பயறு போட்டு மண்ணுக்குச் சத்து ஏற்றுவதுபோல அவர்களும் கோதுமைக்கும் பருப்புக்கும் காட்டை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

அந்தச் செடி முழங்காலுக்கும் கீழே நிற்கும். காய் தரையை ஒட்டித் தொங்கும். அறுவடை இயந்திரத்தின் கத்தி தரையோடு போக வேண்டும், கல் இருந்தால் உடைந்துவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மண் உறைந்து இளகும்போது அடியில் கிடக்கும் கல் மேலே வந்துகொண்டே இருக்கிறது. போன வருடம் பொறுக்கிய காட்டில் இந்த வருடமும் பொறுக்க வேண்டும். குழந்தைகளிலிருந்து கிழவர் வரை வசந்த காலத்தில் அந்த வேலைக்கு இறங்குகிறார்கள். மிச்சக் கல்லை அழுத்த, விதைத்த பின் பெரிய இரும்பு உருளையை இழுக்கிறார்கள். காட்டு மூலைகளில் நூறு வருடக் கற்குவியல்கள் கிடக்கின்றன. அடியில் இருப்பவை எருது பூட்டி உழுதவர்கள் போட்டவை.

"அந்தக் குளிரில் எப்படி இருந்தீர்கள்? பேச்சுத்துணைக்கு யார்?"
வாசகி, கொழிஞ்சாம்பாறை

வீட்டுக்குள் குளிர் தெரியாதுங்க. வெளியே மைனஸ் முப்பது என்றால் மூக்குமயிர் விறைக்கும், காரின் இன்ஜினுக்கு ராத்திரி முழுக்கக் கரண்ட் ஒயர் சொருகிவைக்க வேண்டும். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை இல்லை. மற்றதெல்லாம் டவுன் கடையில் கிடைத்தது.

பேச்சுத்துணைக்குக் குறைவே இல்லை. கடை மூடினாலும் காலைக் காப்பிக் கூட்டம் மூடவில்லை. ஊர் ஹாலின் சாவி ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். முதலில் வருகிறவர் காப்பி போடுவார், டப்பாவில் காசு போட்டுவிட்டு மழை, விலை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பேசுவார்கள். ஒருநாள் ஓர் ஆள் வரவில்லையென்றால் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஊர் விருந்து. சுற்றுவட்டாரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் வந்து சாப்பிட்டார்கள். வான்கோழி, உருளைக்கிழங்கு, உக்ரைன்காரர்களின் கொழுக்கட்டையான பெரோகி. என்னை எலுமிச்சைச் சாதம் கொண்டுவரச் சொன்னார்கள். அண்டாவில் கிண்டிக்கொண்டு போனேன். பாத்திரம் வழித்துத்தான் திரும்பி வந்தது.

"எங்கள் ஊருக்கு வரலாறே இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தக் குட்டி ஊரைப் பற்றி இவ்வளவு விஷயம் உங்களுக்கு எங்கே கிடைத்தது டீச்சர்?"
ப்ளஸ் டூ மாணவி, வண்ணாமடை

அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், கண்ணு. சஸ்காட்செவன் மாகாணம் ஆனது 1905-இல். 1955-இல் ஐம்பதாம் ஆண்டு, 1980-இல் எழுபத்தைந்தாம் ஆண்டு. அந்த இரண்டு விழாவையும் ஒட்டி, முக்கியமாக 1980-ஐ ஒட்டி, ஊர் ஊராகத் தங்கள் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். முதலில் மண்ணைக் கிளறியவர்களின் பிள்ளைகள் அப்போது உயிரோடு இருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பக்கத்தைத் தானே எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர் ஹாலில் அந்தத் தடிப் புத்தகம் இருந்தது, நான் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். ஒரு குடும்பம் ஆறே வரி எழுதியிருந்தது. இன்னொரு குடும்பம் தங்கள் குதிரைகளின் பெயரையெல்லாம் எழுதியிருந்தது. ஓர் அம்மா, முதல் குளிர்காலத்தில் இறந்த குழந்தையைத் தரை உறைந்திருந்ததால் வசந்தம் வரும் வரை புதைக்க முடியாமல் வைத்திருந்ததை இரண்டு வாக்கியத்தில் எழுதி, அடுத்த வாக்கியத்தில் அந்த வருட விளைச்சலைச் சொல்கிறார். நான் மேலே சொன்னதில் பாதி அந்தப் புத்தகத்தில் இருந்து ஆரம்பித்ததுதான்.

உன் ஊருக்கும் அத்தனையும் உண்டு. முதலில் உங்கள் பள்ளியில் பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கும், ஹெட்மாஸ்டரிடம் அனுமதி கேட்டுப் பார். பெயர், அப்பா பெயர், தொழில், வயது, எந்தத் தேதியில் வந்தார்கள், எதற்காக நின்றார்கள் என்று எழுதியிருக்கும். எந்த வருடம் பெண் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், எந்த வருடம் பாதிப் பேர் நடுவில் நின்றார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே பஞ்சம் வந்த வருடம் தெரிந்துவிடும். 1956-க்கு முன்னால் நம் சித்தூர்த் தாலுகா மலபார் மாவட்டத்தோடு சேர்ந்ததல்ல. 1949 வரை கொச்சி ராஜ்யம், அதற்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. நான்கு எட்டு வைத்தால் மதராஸ் சீமை. சுங்கம் எங்கே இருந்தது, அரிசி எந்தப் பக்கம் மலிவு, எந்தப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள் என்று எண்பது வயதுக்காரர்களிடம் கேள்.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. அதன்படி வருடத்துக்கு ஏழேகால் டி.எம்.சி. மணக்கடவில் நமக்கு விட வேண்டும். அது காகிதத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் வாய்க்காலில் எந்த வருடம் தண்ணீர் வரவில்லை, அப்போது யார் காட்டில் கிணறு வெட்டினார்கள், நிலக்கடலையை விட்டுவிட்டு எப்போது தென்னைக்குப் போனார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. அது உன் அப்பச்சிக்குத் தெரியும். பாட்டிமார்களைத் தனியாக உட்காரவைத்துக் கேள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் குறுக்கே பேசி முடித்துவிடுவார்கள்.

செல்போனில் பதிவு செய்துகொள், ஆனால் அன்று ராத்திரியே நோட்டில் எழுதிவிடு. தேதி சரியாகத் தெரியாவிட்டால் "பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருடம்" என்று அவர்கள் சொன்னபடியே எழுது. திருத்தாதே. முதலில் உன் வீட்டுக் கதை இரண்டு பக்கம் எழுதி இந்த முகவரிக்கே அனுப்பு. கையெழுத்துப் புரியாத இடங்களைப் போனில் கேட்டுக்கொள்கிறேன்.